மே நாலு, வார்சா

ஏப்ரல் 30, ஞாயிறு

பள்ளி இறுதியாண்டு இலக்கியப் பிரிவின் வரலாற்று வகுப்பில் இன்று தேதிகள் கேட்டேன். நேட்டோ எப்போது, வார்சா ஒப்பந்தம் எப்போது? ஆறு பேரைக் கேட்டேன், ஆறு பதில் வந்தது. ஒருத்தி பெர்லின் சுவரை நான் பிறந்த வருஷத்தில் கட்டிவிட்டாள். பாக் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான். இதே கூட்டம் எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கான பாட்டு என்றால் முப்பது அடியையும் மூச்சு விடாமல் பாடும்.

எனக்கு எரிச்சல் வந்தால்தான் மூளை வேலை செய்யும். பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் அந்த மைதான மெட்டிலேயே பனிப்போர் முழுவதையும் பாட்டாகக் கட்டிவிட்டேன்.

நேட்டோ வந்தது ஏப்ரல் நாலு
வார்சா வந்தது மே நாலு

பெஞ்சைத் தட்டிக்கொண்டு பாட என்ன வாகாக இருக்கிறது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

மே 2

வகுப்பில் ஷஹினாஸ் பாடினாள், மற்றவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். யாரோ போனில் பதிவு செய்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து சி மப்ரூக் வந்து எட்டிப் பார்த்தார். இருபத்தேழு வருஷமாக வரலாறும் புவியியலும் நடத்துகிறவர், அந்த மரியாதைக்குத்தான் பெயருக்கு முன்னால் ‘சி’. “வகுப்பா, கல்யாண வீடா?” என்றார். பெஞ்சுச் சத்தம் இன்னும் கூடியது, காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

மே 4, வியாழன்

உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று, “வார்சா தின வாழ்த்துகள், உஸ்தாதா.” சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் லயீத்தின் மினி பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் என் பாட்டு. ஷஹினாஸ் அனுப்பினாளாம். லயீத்துக்கு நாற்பத்து மூன்று வயது. தனித்தேர்வராக நாலாவது முறை பாக் எழுதப் போகிறார். காலையிலிருந்து ராத்திரிவரை அதையே ஓடவிடுகிறார். பின் சீட்டில் கூடையோடு இருந்த ஒரு பெண்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு என்னுடையது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது, வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

மே 14

மாதிரித் தேர்வு தொடங்கியது. இது முடிந்தால் இறுதியாண்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள், வீட்டிலிருந்தே படிப்பார்கள். வகுப்பறை வெறிச்சென்று ஆகிவிடும்.

மே 18, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். விடைக்குறிப்பு சி மப்ரூக் தயாரித்தது. அதில் வார்சா ஒப்பந்தம், 14 மே 1955 என்று இருந்தது. நான் நேராக அவரிடம் போய், “குறிப்புல தப்பு இருக்கு, ஒண்ணு கூடுதலா விழுந்திருக்கு” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

அவர் பாடப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, என் முன்னால் வைத்தார்.

பதினாலு.

எனக்குத் தெரியும். எனக்கு எப்போதும் தெரியும்! பதினோரு வருஷமாகப் பதினாலு என்றுதான் சொல்லித் தந்திருக்கிறேன். தாளத்துக்குப் பதினாலு இடித்தது, நாலு சரியாக விழுந்தது. பிறகு பாடிப் பாடி என் மண்டையிலேயே அது நாலாகிவிட்டது. முப்பத்து நாலு தாளில் முப்பத்தொன்றில் மே நாலு.

“என் பசங்களும் இதையேதான் எழுதியிருக்கானுங்க தங்கச்சி” என்றார் சி மப்ரூக். “பஸ்ஸுல ஏதோ பாட்டு ஓடுதாம். இதைக் கட்டின கழுதை யாருன்னு தெரிஞ்சா ரெண்டு வார்த்தை கேப்பேன்.” அன்று வகுப்பில் கேட்டது பெஞ்சுச் சத்தம் மட்டும்தான்போல, வார்த்தைகள் அவர் காதில் விழவில்லை.

நான் காபியைக் குடித்தேன்.

மே 19, வெள்ளி

பாட்டில் என் பெயர் இல்லை. என் வகுப்பு தவிர யாருக்கும் தெரியாது. அரை மதிப்பெண்தானே?

அரை மதிப்பெண்தானா?

மே 21, ஞாயிறு

வகுப்பின் போன் குழுவில் “வார்சா மே 14, திருத்திக்கொள்ளவும்” என்று போட்டேன். ஒன்பது பேர்தான் பார்த்தார்கள். படிப்பதற்காகப் பாதிப் பேர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்களாம். என் வகுப்புக்கே இந்தக் கதி. ஊருக்கு யார் சொல்வது?

சாயங்காலம் லயீத்தின் பஸ்ஸில் முன் சீட்டு கிடைத்தது. பாட்டைச் சின்னதாக வைத்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார்.

“போன வருஷம் எவ்வளவு தெரியுமா உஸ்தாதா? ஒன்பது புள்ளி தொண்ணூத்து நாலு. சராசரி இருபதுக்குப் பத்து இருந்தா பாஸ். மாமனார் இன்னும் சாப்பாட்டு மேஜைல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. இந்த வருஷம் விடமாட்டேன். தேதியெல்லாம் பாட்டோட மனசுல ஏறிடுச்சு. கேளுங்க, எதை வேணா கேளுங்க.”

நான் எதையும் கேட்கவில்லை. என் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். கோழை. எழுதிவைக்கிறேன், அப்போதுதான் உறைக்கும். கோழை.

மே 22

பஸ் கிளம்பும் முன்பே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “லயீத், அந்தப் பாட்டு நான் கட்டினது. அதுல வார்சா தப்பு. மே பதினாலு.”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

“எத்தனை நாளா தெரியும்?”

“வியாழக்கிழமைலேர்ந்து.”

“நாலு நாள்.” பிறகு, “சரி, பதினாலுன்னு பாடிப் பாருங்க.”

பாடினேன், நொண்டியது. அவரும் பாடிப் பார்த்தார், அதுவும் நொண்டியது. பழைய பாட்டை நிறுத்திவிடுங்கள் என்றேன். “நிறுத்தினா போச்சா? எல்லார் வாயிலயும் ஏறிடுச்சே. நாலு போகாது உஸ்தாதா. நாலு இருக்கட்டும். பத்தை எங்கயாவது சொருகணும்.”

யோசித்துக்கொண்டே ஹாரனை அழுத்தினார். மே, பாம், நாலு. மறுபடியும் அழுத்தினார். தாளத்துக்குள் அச்சாக உட்கார்ந்தது.

“ஹாரன்னா பத்து,” என்றார். “அந்த அடி வரும்போதெல்லாம் அடிக்கிறேன். ஏன் அடிக்கிறேன்னு ஜனங்க கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?”

இதற்குத்தான் பயந்தேன். “வஸீலா டீச்சர் தப்பாச் சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க.”

“பேரோடயா?”

“பேரோட.”

மே 23

சி மப்ரூக்கிடம் போய், “அந்தக் கழுதை நான்தான்” என்றேன். ஹாரனைப் பற்றியும் சொன்னேன். “ஹாரன் விஷயம் என் பசங்களுக்கும் போய்ச் சேரணும். பாட்டை எனக்கு அனுப்பு” என்றார். அவரிடம் பாட்டு வந்து சேருகிற மாதிரி போன் இல்லை. ஹாரனோடு பதிவானதும் மனைவியின் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

மே 28

ஷஹினாஸ் பஸ்ஸிலேயே உட்கார்ந்து ஹாரனோடு புதிதாகப் பதிவு செய்தாள். இன்று மற்ற வண்டிக்காரர்களும் அந்த இடத்தில் அடிக்கிறார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் லயீத்தை நிறுத்தி என்னவென்று கேட்டிருக்கிறார். “வார்சா ஒப்பந்தம், ஐயா” என்றாராம். போலீஸ்காரரின் தங்கையும் இந்த வருஷம் பாக் எழுதுகிறாளாம். விட்டுவிட்டார்.

ஜூன் 1

ரொட்டிக்கடையில் ஒரு அம்மாள்: “பத்து நாளைத் தொலைச்ச டீச்சர் நீதானா?”

ஆமாம் என்றேன். கெஸ்ரா ரொட்டியைச் சூடாகப் பார்த்து எடுத்துத் தந்தாள்.

ஜூன் 14, புதன்

இன்று வரலாறு, புவியியல். எனக்குத் தனித்தேர்வர் மையத்தில் வேலை போட்டிருந்தார்கள். அந்தப் பாட ஆசிரியர்களை அறைக்குள் விடமாட்டார்கள், நடைபாதையில் காவல். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. லயீத் வேறு மையம்.

திறந்த கதவுக்கு ஓரமாக ஒரு பெண், என் வயதோ கூடவோ. முன்பின் பார்த்ததில்லை. நான் கடக்கும்போது தேதி அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தாள். வார்சா வந்திருக்கிறது. அதற்கு நேரே 4 மே என்று எழுதினாள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு எட்டுதான் தூரம், வாயைத் திறந்தால் என் வேலையும் போகும் அவள் தேர்வும் போகும். இந்தப் பெண்ணுக்கு இதைச் செய்தது நான். முகம் தெரியாத இன்னும் எத்தனை பேருக்கு?

அவள் பேனாவை மேஜையில் தட்டினாள். உதடு அசைந்தது. ஒரு இடத்தில் கன்னம் உப்பியது, சத்தமில்லாமல், ஹாரன் அடிக்கிற மாதிரி. குனிந்து நாலுக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டாள்.

நடைபாதைக் கடைசிவரை போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டேன். அழுதேன், அவ்வளவுதான்.

ஜூலை 14

முடிவுகள் வந்தன. எங்கள் வகுப்பில் முப்பத்து நாலில் இருபத்தாறு பேர் பாஸ். ஷஹினாஸுக்கு 13.6. வீதி முழுக்கக் குலவைச் சத்தம்.

லயீத் 10.04.

பக்லவா இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மாமனாருக்குக் காலையிலிருந்து பேச்சே வரவில்லையாம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“கணக்குப் போட்டுப் பாத்தேன் உஸ்தாதா. வரலாத்துல அந்த அரை மார்க் போயிருந்தா சராசரி 9.97. மறுபடியும் ஃபெயில். நீங்க பாட்டுக்குச் சும்மா பஸ்ஸை விட்டு இறங்கிப் போயிருக்கலாம். யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

நான் பக்லவாவை வாயில் போட்டுக்கொண்டேன். ஒருநாள் அப்படித்தான் இறங்கிப் போனேன் என்பது அவருக்கு நினைவில்லைபோல, நானும் நினைவுபடுத்தவில்லை.