எடுத்துக்கட்டுமா என்று கேட்டீர்கள்

மழைக்கு முன்னால் கம்பளிகளை வெயிலில் போடலாமென்று இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. மருமகள் போட்டு வைத்ததுதான். ஆனால் எனக்கு அது உங்கள் அறையின் வாசம், அம்மணி. நீங்கள் இறந்துபோன செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் கோபம்தான்.

பேப்பரில் உங்களைப் பெரிதாகத்தான் எழுதியிருந்தார்கள். பறவைகளைத் தேடிச் சேர்வராயன் மலையில் தனியாக அலைந்த முதல் பெண் என்று. உண்மைதானே. எழுபதுகளின் நடுவில், பேன்ட் போட்டுக்கொண்டு, கழுத்தில் கேமராவும் பைனாகுலருமாகத் எங்கள் ஊரான தலைச்சோலையில் நீங்கள் வந்து நின்றபோது, ஊரே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. "ஏனுங்க, நெலம் அளக்க வந்தீங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குருவி பார்க்க வந்தேன் என்றீர்கள். "குருவி பாக்கறதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாக்கும்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். அன்றைக்கே எங்கள் முன்னறை உங்களுடையதாகிவிட்டது.

வருஷா வருஷம் வந்தீர்கள். எங்கள் காப்பித் தோட்டத்தில் மெல்லிய வலை கட்டுவீர்கள். விழுந்த பறவையின் காலில் வளையம் மாட்டி என் உள்ளங்கையில் வைப்பீர்கள். "விரலைத் திறங்கக்கா" என்பீர்கள். திறந்தால் விர்ரென்று போய்விடும். அந்தச் சின்ன உடம்பின் சூடு கையில் கொஞ்ச நேரம் இருக்கும். வலை என்றால் பிடிப்பதும் விடுவதும் என்றுதான் எனக்குப் பழக்கம். பழக்கியது நீங்கள்.

கோயில் சோலையில் நெஞ்சு நீலமாக ஒரு சிறு பறவை இருக்கிறது என்று நான்தான் பேச்சுவாக்கில் சொன்னேன். உங்கள் முகம் மாறிவிட்டது. இந்த மலையில் அப்படி ஒன்று உண்டு என்று யாரும் எழுதவில்லையாம். ஆனால் அந்தச் சோலைக்கு ஒரு கட்டு உண்டு. செருப்போடு நுழையக்கூடாது, உள்ளேயிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக்கூடாது. பூசாரி என் கொழுந்தனார். வெளியூர் ஆளை விடமாட்டேன் என்றவரிடம் மன்றாடினேன். "அண்ணி, உங்களெ நம்பித்தான் உடறேன்" என்றார்.

சோலை வாசலில் நீங்களே அவரிடம் கேட்டீர்கள். "ஒரே ஒரு ஜோடி எடுத்துக்கட்டுமாங்க?"

கழுத்தில் கேமரா தொங்குகிறது. யாருக்குத்தான் வேறு மாதிரி தோன்றும்? "வெளிச்சம் இருக்கறப்பவே எடுத்துக்குங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, தன்னையும் சேர்த்து எடுப்பீர்களோ என்று தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டார் அந்த மனுஷன்.

சாயங்காலம் காப்பி கொண்டுவந்தேன். மேசைமேல் இரண்டும் மல்லாந்து கிடந்தன. கண்ணிருந்த இடத்தில் பஞ்சு. காலில் நூல் கட்டிச் சீட்டு. பக்கத்தில் பாச்சை உருண்டைப் பொட்டலம்.

"என்னங்க அம்மணி இது?"

"எடுத்துக்கட்டுமான்னு கேட்டேனே அக்கா. சரின்னாரே."

"படம்னு நெனச்சோமுங்க!"

நீங்கள் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "படத்தைக் காட்டினா பறவை ஆராய்ச்சிக்காரங்க நம்ப மாட்டாங்க. அதுவும் ஒரு பொம்பளை பார்த்தேன்னு சொன்னா சிரிப்பாங்க. உடம்பைக் கொண்டுபோய் வெச்சாத்தான் வாயை மூடுவாங்க."

அது பொய்யில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். எத்தனை பேர் உங்களைக் கிண்டல் செய்தார்கள் என்று சொல்லி என் அடுப்படியில் உட்கார்ந்து நீங்கள் அழுததைப் பார்த்தவள் நான். ஆனால் இத்தனை வருஷம் எங்களோடு பழகிய உங்களுக்கு, அந்த வார்த்தையை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்வோம் என்று தெரியாதா? தெரிந்துதான் அப்படிக் கேட்டீர்கள். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அதையும் பொறுத்திருப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கொழுந்தனாரிடம் வந்து, அக்காவுக்கு இதில் பங்கில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று. "காலையில் போகலாம் அக்கா" என்றீர்கள். காலையில் முதல் பஸ்ஸில் போய்விட்டீர்கள். அறையில் பாச்சை உருண்டை வாசம் மட்டும் இருந்தது.

நடந்ததை நானே போய்ச் சொன்னேன். கொழுந்தனார் சத்தம் போடவில்லை. "அந்தம்மா வெளியூருங்க. நீங்க இந்த ஊட்டு ஆளு, உங்களுக்குமா தெரியாது?" என்றார். அந்த வருஷக் கோயில் நோம்பிக்கு எங்கள் வீட்டு மாவிளக்கைச் சந்நிதியில் வாங்கவில்லை. அடுத்த வருஷமும் வாங்கவில்லை. பிறகு நானே மாவு இடிப்பதை விட்டுவிட்டேன்.

சில வருஷம் கழித்து ரேடியோவில் உங்கள் குரல். அந்தப் பறவை உங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டவரிடம், "மலை மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள்" என்றீர்கள். கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு ரேடியோவை நிறுத்தினேன்.

கொழுந்தனார் இப்போதும் இருக்கிறார். வயதாகிவிட்டது. வழியில் எதிர்ப்பட்டால் "சௌக்கியமுங்களா?" என்பார், நிற்கமாட்டார். நீங்கள் என்றாவது ஒருநாள் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவீர்கள் என்று, சிரிக்காதீர்கள், பேப்பரைப் பார்க்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் தனியாக இருக்கும்போது உங்களைப் போலவே, அந்தப் பட்டணத்துப் பேச்சில், அதைச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். "அக்காவுக்கு எதுவும் தெரியாதுங்க. நான்தான் செஞ்சேன்." இன்றைக்கும் சொன்னேன். உங்கள் குரல் எனக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் அதைக் கொழுந்தனார் உங்கள் வாயால் அல்லவா கேட்க வேண்டும்.