கடலுக்குப் போன கட்டுரை

என்னங்க,

பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பயப்படாதீர்கள், அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

டியூஷன் பிள்ளைகளின் ஆங்கிலப் பயணக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி குடும்பத்தோடு கடலுக்குப் போனதாக எழுதியிருக்கிறாள். வரிக்கு வரி பிழை. நேற்று அவளைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் கேட்டேன். "கடலா? எங்க போறது டீச்சர்? கடைத்தெருவுக்குப் போகவே நேரமில்ல" என்றாள். எனக்கு இலக்கணம் மட்டும்தானே வேலை? கடலில் கை வைக்கவில்லை.

சாயங்காலம் பாப்பா மடியில் ஏறிக்கொண்டு, அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"நாமளும் போனோமே! அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டு அலைக்குள்ள ஓடுனாரே!"

"எப்போடி?"

"நீ தூங்கிட்டம்மா."

நீங்கள் கடைசியாக வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். கடலை நாம் மூவரும் சேர்ந்து பார்த்ததே இல்லை.

"ஆமா, அசந்து தூங்கிட்டேன்" என்றேன்.

இந்த வருடமும் லீவு கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அப்பா எப்போ வருவார் என்று பாப்பா தினமும் கேட்கிறாள். உங்களால் வரமுடியாது என்பதை அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்களே நேரில் வந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா