கடல் குடத்துக்கு ஓர் அனுமதி

17 மார்ச் 2025, திங்கள். செங்கல்பட்டு.

நீதிமன்றத்தில் இன்று எல்லாமே வாய்தா. மாலையில் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் இரத்த அழுத்தமாவது மிஞ்சியிருக்கும்.

பங்குனி உத்திரத்துக்கு மாமல்லபுரத்துக் கடல்நீரை எடுத்துச் சென்று சேவல்மலை முருகனுக்குச் சேர்ப்பது எங்கள் ஊர் முறை. ஆண்டுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்கு மூத்தவர் குடம் சுமப்பார். கரையில் எடுத்த குடம் சாமி பாதத்தில்தான் இறங்க வேண்டும். இடையில் தரையைத் தொடக்கூடாது. இவ்வாண்டு முறை என் சித்தப்பா மகள் வேண்டாவின் வீட்டுக்கு. அவள் கணவர் சென்ற ஆடியில் காலமானார், பிள்ளைகள் சிறியவர்கள். ஆகவே வீட்டுக்கு மூத்தவள் அவளே. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

அவள் கொழுந்தன் ஆனந்தனுக்கு மட்டும் இடமிருக்கிறது. தாலி இல்லாதவள் தொட்ட குடத்தைச் சாமி ஏற்காதாம், தானே சுமக்கிறானாம். அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னான். எந்த ஆகமத்தில், எந்த வரியில் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் வரி காட்டச் சொன்னா எப்பிடி வக்கீலு?" என்றான். நான்கு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் பெண் பெற்றவர்கள்.

வேண்டா சொன்னது ஒன்றுதான்: "என் வூட்டு மொறை. நான் எடுப்பேன்." வேன் வைத்திருக்கும் சுப்பிரமணிதான் பயணக் குழுவுக்குத் தலைவன், அவன் அவள் பக்கம் நின்றதால் கூட்டம் ஒப்புக்கொண்டது. அரைமனதாக.

19 மார்ச், புதன்.

அரைமனதை நம்புவதற்கில்லை. சேவல்மலைக் கோயில் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினேன்: வழக்கப்படி கடல் தீர்த்தக் குடத்தைத் திருமதி வேண்டா சுமந்துவந்து சமர்ப்பிக்க அனுமதி வழங்குமாறு. அந்த அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் ஆனந்தன் வாய் திறக்க முடியாது.

சுப்பிரமணிக்குப் பிடிக்கவில்லை. "எங்க தாத்தன் காலத்துலருந்து போய்கினு கீறோம். இன்னாத்துக்குப் புதுசா லெட்டரு?" எதுவும் எழுத்தில் இருப்பது நல்லது என்றேன்.

2 ஏப்ரல், புதன்.

பதில் வந்தது. 'மேற்படி நிகழ்வு திருவிழா நிரலில் இடம்பெறாமையால், வெளியிலிருந்து கொண்டுவரப்படும் நீரைத் திருக்கோயில் வளாகத்தினுள் எடுத்துவர அனுமதிக்க இயலாது.'

நிரலில் இல்லையாம்! இத்தனை ஆண்டுகள் அதே வாசலில் மேளம் வைத்து வரவேற்றவர்கள் யார்? தொலைபேசியில் கேட்டேன். அலுவலர் நிதானமாகச் சொன்னார்: "உரிமை இருக்குன்னா அனுமதி எதுக்கு சார் கேட்டீங்க?"

தொலைபேசியை வைத்தேன். பாதை வழக்குகளில் எதிர்த்தரப்பை நான் மடக்கும் வாதமே அது. அனுமதி கேட்டவன் உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டவன். முப்பது ஆண்டுத் தொழில் அனுபவம் – இதற்குத்தானா?

3 ஏப்ரல்.

ஊரில் சொன்னேன். பிழை என் விண்ணப்பத்தினுடையது, வேண்டாவுடையது அன்று என்று தெளிவாக, இருமுறை சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "தங்கச்சிக்காக வக்கீலு பழிய ஏத்துக்கிறாரு" என்று ஆனந்தன் எனக்கு நற்சான்று வழங்கினான். அவன் கணக்கில் தீர்ப்பு மலையிலிருந்தே வந்துவிட்டது: அவள் பேரைப் பார்த்ததும் சாமி வேண்டாம் என்றுவிட்டது.

அவளைத் தனியே பார்த்தேன். "கொடம் திரும்பி வந்துச்சின்னா காலத்துக்கும் என்னாலன்னுதான் பேசுவாங்க. எம் பொண்ணு கல்யாணம் வரைக்கும் பேசுவாங்கண்ணா." பிறகு, "ஆனா எடுப்பேன்" என்றாள்.

7 ஏப்ரல்.

மறுப்பை எதிர்த்து மேலிடத்துக்கு அனுப்பிய மேல்முறையீட்டுக்கும் பதில் இல்லை.

10 ஏப்ரல், வியாழன். சேவல்மலை.

விடியலில் மாமல்லபுரம். இடுப்பளவு நீரில் நின்று வேண்டா குடத்தை முக்கி எடுத்தாள். குழுவில் இருவர் அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கடற்கரைக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்காத கோயில் போலும்.

வேனில் குடம் அவள் மடியில். தேநீருக்கு நிறுத்தியபோதும் இறங்கவில்லை. சுப்பிரமணி ஓட்டிக்கொண்டே என்னைக் கேட்டான்: "வக்கீலு, கடலு உப்புக் கரிக்கும்னு ஸ்டாம்பு பேப்பர்ல எய்தி வாங்கினு வந்தியா? மேல கேட்டாங்கன்னா?" வேன் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளும் சிரித்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மலை ஏறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகளில் ஆனந்தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டான். ஒரு கையால் குடத்தை அணைத்தபடி மறு கையால் அவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். அதற்கு மட்டும் ஆகமத் தடை இல்லை.

இரவுக்குக் குடத்தைப் புடவைத் தூளியில், விடுதி அறையின் கொக்கியில் தொங்கவிட்டோம். விடுதிக்காரப் பெண்மணி பூங்கொடி நாளை மாலைக்காக வாசலில் இரண்டு தவலைகளில் நீர் நிறைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன். பல்லக்கு வீதிக்கு வரும்போது சுமப்பவர்களின் காலுக்கு வீட்டுக்கு வீடு நீர் ஊற்றுவார்களாம். "பல்லக்கு தோள்ல ஏறிடுச்சுன்னா அவங்க காலுதாங்க சாமி காலு" என்றார்.

11 ஏப்ரல், வெள்ளி. பங்குனி உத்திரம்.

காலையில் கோபுர வாசலில் மறித்தார்கள். அலுவலர் என் விண்ணப்பத்தின் நகலையே எடுத்துக் காட்டினார். என் கையொப்பம், என் முத்திரை. வழக்கம் என்றால் என்ன என்று விளக்கினேன். தலையாட்டினார். வழி விடவில்லை. எங்களைத் தாண்டிப் பன்னீர் டின்கள் உள்ளே போயின; அவை மட்டும் கோயிலுக்குள் ஊற்றெடுத்தவையா?

வேண்டா குடத்தை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். "அண்ணி, எறக்கி வெச்சிடு, போலாம்" என்றான் ஆனந்தன். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தெருவோரம் மர நிழலுக்குப் போய் உட்கார்ந்தாள், குடம் மடியில். மாலை வரை உட்கார்ந்திருந்தாள். சுப்பிரமணி அவளுக்கு மோர் வாங்கிக்கொடுத்தான்.

பொழுது சாயப் பல்லக்கு வெளியே வந்தது. வீட்டு வாசல்களில் பெண்கள் தவலையோடு நின்றார்கள். சுப்பிரமணிதான் முதலில் பேசினான்: "சாமியே ரோட்டுக்கு வந்துகினு கீது. இன்னும் இன்னா?" வேண்டா என்னைப் பார்த்தாள். "ஆபீசர் அங்கதான் நிக்கிறாரு. ஊத்தலாமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கலாமாண்ணா?"

'வளாகத்தினுள்' என்றுதான் உத்தரவு. தெரு வளாகம் அன்று. இதையும் அவரிடம் போய்ச் சொல்லி ஒரு விளக்கம் பெற்றுவிட்டால் – நா நுனி வரை வந்துவிட்டது.

"கேட்காதே" என்றேன்.

பூங்கொடியின் விடுதி வாசலுக்குப் போய் நின்றோம்; பல்லக்கு அங்கே வந்து நின்றது. வேண்டா மஞ்சள் துணியை அவிழ்த்தாள். எட்டுப் பேர் பாதங்களில் கடலை ஊற்றினாள், ஒருவரையும் விடாமல். முன்வரிசைக்காரர் குனிந்து பார்த்து, "உப்புத் தண்ணியா?" என்றார். "மாபலிபுரத்து அலை" என்றாள். அவர் ஈரக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலுவலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் குடத்தை வாங்க ஆனந்தன் கை நீட்டினான்.

"நெறஞ்சதையே தூக்குனேன். இதத் தூக்க மாட்டனா?"

24 ஏப்ரல்.

கோயில் அலுவலகத்திலிருந்து விளக்கம் கோரிக் கடிதம். பதில் எழுத உட்கார்ந்து, எழுந்துவிட்டேன்.

30 மார்ச் 2026, திங்கள்.

இவ்வாண்டு முறை எங்கள் வீட்டுக்கு. குடம் நான் சுமக்க வேண்டும். இன்று துலக்கினோம். குடத்தின் வாய்க்கு மஞ்சள் துணி கட்ட ஆனந்தனின் மனைவி வேண்டாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். ஆனந்தன் துணியை நனைத்துக் கொடுத்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அது வேறு.

அனுமதி வாங்கியாயிற்றா என்று எவரோ கேட்டார். வேண்டா முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அண்ணன் இந்த வாட்டி யாரையும் கேக்கல" என்றாள்.

உண்மைதான். நீதிமன்றத்திலிருந்து திரும்பும்போது தபால் நிலையத்தைக் கடந்துதான் வந்தேன். உள்ளே போகவில்லை.