பதினொரு நொடிக் காணொளி

மார்ச் 2, ஞாயிறு

மகனின் ஆட்டம். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர். ஒன்றுக்குப் பூஜ்யம், தோல்வி. கடைசி நிமிடத்தில் எங்கள் அணிப் பையன் ஒருவன் அடித்த பந்தை எதிரணிக்காரன் கோல் கோட்டருகே காலால் தட்டி வெளியேற்றினான். கோல் இல்லை என்று நடுவர் கைகாட்டிவிட்டாள். பதினாறு வயதுப் பெண், பேருந்து ஓட்டுநரின் மகள். சிறுவர் ஆட்டங்களுக்கு இந்த ஆண்டுதான் விசில் பிடிக்கிறாள்.

வழக்கம்போல் விளக்குக் கம்பத்தருகே தனியாக நின்று படமெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினொரு நொடியை மட்டும் வெட்டிப் பெற்றோர் குழுவில் போட்டேன். கூடவே ஒரு வரி: "பந்து கோட்டைத் தாண்டி ஒரு அடி. நடுவர் இன்னும் வீட்டையே தாண்டவில்லை."

பத்தொன்பது சிரிப்பு முகங்கள். "அக்கா பேசமாட்டாங்க, பேசினா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு" என்று எழுதியிருந்தார் ரொட்டிக்கடைக்காரர். மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

நில அளவை அலுவலகத்தில் வடக்கு எல்லை வரைபடம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 5, புதன்

ரொட்டிக்கடைக்காரர் தம்பிக்கு அனுப்பினாராம். தம்பி யாருக்கோ. இப்போது ஒரு கால்பந்துக் கேலிப் பக்கத்தில் ஓடுகிறது, என் வரி மாறாமல், பின்னணியில் கழுதை கத்த. நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் பெயர் எங்கும் இல்லை. அவள் பெயர் இருக்கிறது. படிக்கும் பள்ளியும் இருக்கிறது.

கருத்துகளைக் கொஞ்ச தூரம் படித்தேன். ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"வீட்டைத் தாண்டலேல்ல, அப்படியே உள்ளயே இரு."

"பொம்பளப் பிள்ளைக்கு விசில் கேக்கணும்னா குக்கர் பத்தாதா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, அளவுக் கருவியோடு வெட்டவெளியில் நின்றபோது இதையே வேறு சொற்களில் கேட்டவள் நான். இவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்ததும் நானேதான்.

காணொளியைக் குழுவிலிருந்து நீக்கினேன். வெள்ளம் போன பிறகு அணை.

மார்ச் 6, வியாழன்

மகன் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டான். "அம்மா, அது நீ எழுதினதா?"

"ஆமாம்."

"ம்."

சாப்பிடப் போய்விட்டான். நாலு வார்த்தை கத்தியிருக்கலாம்.

மார்ச் 8, சனி

கோச் அழைத்தார். அந்தப் பெண் விசிலையும் அட்டைகளையும் ஓர் உறையில் போட்டு அப்பாவிடம் கொடுத்தனுப்பிவிட்டாளாம். நடுவர் தேர்வு எழுதப் பத்து ஆட்டங்கள் நடத்தியிருக்க வேண்டும். எட்டு முடித்திருந்தாள்.

"யாரோ விளையாட்டாப் போட்டுட்டாங்க அக்கா" என்றார். யாரோ! அவரும் சிரிப்பு முகம் போட்டவர்தான். "நீங்க படிச்சவங்க. நறுக்குன்னு நாலு விதி எழுதிக் குடுங்க, குழுவுல போட்டுடலாம்."

விதி ஏற்கெனவே இருக்கிறது. பருவம் தொடங்கும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாள்: பிள்ளைகளின் படங்களைப் பகிரக்கூடாது, பெயரும் பள்ளியும் வெளியே போகக்கூடாது, யாரையும் கேலி செய்து எழுதக்கூடாது. அதன் வாக்கியங்களைச் செப்பனிட்டுக் கொடுத்ததே நான்தான். நடுவரும் பிள்ளைதான் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? கறுப்புச் சட்டை போட்டிருந்ததாலா?

மார்ச் 9, ஞாயிறு

ஆட்டம் ரத்து. நடுவர் இல்லை.

காணொளியைக் கணினியில் நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தேன். பந்து தரையில் இல்லை. முழங்கால் உயரத்தில் இருக்கிறது. நானோ முப்பது மீட்டர் தள்ளி, சாய்வாக நிற்கிறேன். அந்தரத்தில் இருக்கும் பந்தை அங்கிருந்து பார்த்தால், அதற்குப் பின்னால் தெரியும் தரைமேல் அது இருப்பதாகவே கண் நம்பும். இடமாறு தோற்றப் பிழை. பள்ளிக்கூடப் பாடம். இருபத்திரண்டு வருடமாக நில அளவையில் நான் மற்றவர்களிடம் பிடிக்கும் பிழை.

தாளில் வரைந்து கணக்கிட்டேன். பாதிப் பந்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை. கோலுக்கு நாலடி தள்ளி நின்று அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகம் முடிந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. அப்பா சீருடையிலேயே கதவைத் திறந்தார். பெண் மேசையில் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை எழுதியது நான்தான் என்று நின்றபடியே சொன்னேன்.

"தெரியும் ஆன்ட்டி."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. ஓரத்துல விளக்குக் கம்பம் தெரியுது. அங்க நிக்கிறது நீங்க மட்டும்தான். மத்தவங்க எல்லாம் டீ குடுக்கிற பக்கம்."

தெரிந்தும் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. வரைந்ததை எடுத்து மேசையில் விரித்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கும்மா. நாப்பதாயிரம் பேர் வீட்டுக்கும் போய் இதை விரிச்சுக் காட்டுவீங்களா?"



அவள் படத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளினாள். "கோல்னே வச்சுக்குங்க ஆன்ட்டி. நான் தப்பாவே சொல்லியிருந்தா? அப்ப என்ன வேணா எழுதலாமா?"

இதற்குத்தான் நான் தயாராகப் போகவில்லை. நிரூபணம் கொண்டுபோனேன். மன்னிப்பைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அந்தச் சொல்லே வந்தது. குனிந்தபடி சொன்னேன், அவளுக்குக் கேட்டதா தெரியாது.

மார்ச் 12, புதன்

பெற்றோர் குழுவில் எழுதினேன்: வரி என்னுடையது, பிழையும் என்னுடையது, அவள் தப்பாகச் சொல்லியிருந்தாலும் அதை எழுத எனக்கு உரிமை இல்லை. காணொளி யார் யாரிடம் இருக்கிறதோ அழித்துவிடுங்கள். சிரிப்பு முகம் ஒன்றுகூட இல்லை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் தனியாக: "நானும் அனுப்பியிருக்கக்கூடாது அக்கா. தம்பியை அழிக்கச் சொல்லிட்டேன்."

கேலிப் பக்கத்திலும் என் பெயரைப் போட்டு இதையே எழுதினேன். "ஆன்ட்டி, வகுப்பு முடிஞ்சுதா?" என்றான் ஒருவன். என் பெயருக்குக் கீழே இன்னும் நிறைய வந்தன. படித்தேன். அவளுக்கு வந்ததில் நூறில் ஒரு பங்கு இருக்கும்.

மார்ச் 15, சனி

படத்தில் இருப்பது பதினாறு வயதுப் பிள்ளை, பெயரும் பள்ளியும் வெளியாகியிருக்கின்றன — கேலிப் பக்கத்தின் மேல் என் மூன்றாவது புகார். அவள் அப்பாவும் தனியாக அனுப்பினார். இன்று பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நகல்கள் வேறெங்கோ கிடக்கும். அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

கோச். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "வர்றாளாம் அக்கா. ஒரே ஒரு நிபந்தனை. கோட்டோரம் கொடி பிடிக்க ஒரு ஆள் வேணுமாம்."

"யாரையாவது ஏற்பாடு பண்ணுங்க."

"ஆள் யாருன்னும் சொல்லிட்டா."

மார்ச் 20, வியாழன்

ஓடுவதற்கேற்ற காலணி வாங்கினேன். மகன் பார்த்துவிட்டு, "கொடியை எந்தக் கையில பிடிக்கணும்னாவது தெரியுமா?" என்றான். தெரியாது. கூடத்தில் நின்று கற்றுக்கொடுத்தான். இரண்டு வாரமாகப் பேசாதவன்.

மார்ச் 30, ஞாயிறு

தூறல். மைதானம் சேறு. அவளுக்கு ஒன்பதாவது ஆட்டம். கைப்பேசிகளைப் பைக்குள் வைக்கும்படி கோச் தொடங்குமுன்பே சொல்லிவிட்டார். ஒன்றிரண்டு முனகல்.

ஒன்றுக்கொன்று சமம். முடியப் பத்து நிமிடம் இருக்கையில் என் பக்கம் எதிரணிப் பையன் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். வெளியே போய்விட்டது என்று கொடியை உயர்த்தினேன்.

"அதான் அக்கா தூக்கிட்டாங்கல்ல, விசிலை ஊதும்மா!" ரொட்டிக்கடைக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள். இரு கைகளையும் முன்னால் வீசி ஆட்டத்தைத் தொடரச் சொன்னாள். அந்த ஓட்டத்திலேயே அவர்கள் கோல் போட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒரே கூச்சல்.

பந்து வெளியே போயிருந்ததா? தெரியாது. கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

கொடியை இறக்கிக்கொண்டு, கோல் செல்லும் என்று காட்ட, விதிப்படி, நடுக்கோட்டை நோக்கி ஓடினேன்.