கனெக்‌ஷன் என் பேரில்

விழுப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் அப்பாவும் நலம், ஆனால் அவர் திண்டிவனத்தில் நலம். தோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் போய் பேப்பரில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வீட்டு நெட் அப்பாவோடு போய்விட்டது, போனில் இருக்கிற நெட்டில் உன் முகம் பாதி வருவதற்குள் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. எதிர்வீட்டு நூர்நிஷாவின் தம்பி ரபீக் வெள்ளிக்கிழமை தோஹா திரும்புகிறான், அவன் கையில் இதையும், மாப்பிள்ளை வேர்க்கடலை என்பாரே, அந்த மல்லாட்டையை வறுத்துக் கொஞ்சமும் கொடுத்தனுப்புகிறேன். தவிரவும் போன வாரம் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. கனடா போவதென்று மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டார் என்றாய், உன்னைக் கேட்டாரா என்றேன், சிக்னல் சரியில்லைம்மா என்றாய். எனக்கு நன்றாகத்தான் கேட்டது.

அது இருக்கட்டும், இங்கே நடந்த கூத்தைக் கேள். அப்பா ரிடையர் ஆனதும் ஒரு நாள் திண்டிவனம் போய்விட்டு வந்தார். வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை, உன் சித்தப்பா துரைக்கண்ணு வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி போர்ஷன் ஒன்று பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். காற்று பிய்த்துக்கொண்டு போகிறதாம். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் சாப்பிட்டுக்கொண்டே, "கண்டாச்சிபுரத்துக்கு அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறணும், உன்னால அலைய முடியாது, நெலத்த குத்தகைக்கு வுட்டுடலாம்" என்றார். அந்த ஒரு காணி எங்கம்மா எனக்குக் கொடுத்தது. உனக்கு ஃபீஸ் கட்டியதும் வளையல் செய்ததும் அதில் விளைந்த மல்லாட்டையில்தான். அதைக் குத்தகைக்கு விடுவதை, சட்னி கொஞ்சம் போடு என்பது மாதிரி சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை கலை, கோபம் கூட இல்லை, மனசு அப்படியே விட்டுப்போய்விட்டது.

மறுநாளிலிருந்து அப்பாவின் கவலையெல்லாம் டிவியும் நெட்டும்தான். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயர். வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்றால் ஷிஃப்டிங் சார்ஜ் தனி, பெட்டிக்குத் தனி என்று சொல்லிவிட்டார்களாம். ஜெராக்ஸ் கடை சீனுவாசன்தான் அவருக்கு வித்தை சொல்லிக்கொடுத்திருக்கிறார். "ஷிஃப்டிங்னு சொன்னா காசு கேப்பான் சார். கனெக்‌ஷனே வேணாம், கட் பண்ணுன்னு சொல்லுங்க, ஜல்தியா எறங்கி வருவான். அந்த ஊர்ல வேற கம்பெனி மூணு மாசம் ஃப்ரீ தர்றான்னு ஒரு வார்த்தை போட்டு வைங்க." அப்பா ரெண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். போன் போட்டால் அங்கே ஒரு பெண், கனெக்‌ஷன் அம்சா என்கிற பேரில் இருக்கிறதே, நீங்கள் அம்சாவா என்று கேட்டிருக்கிறாள். வயர் இழுக்க வந்த அன்று இவர் டியூட்டியில் இருந்தார், சமையலறை டப்பாவில் இருந்த என் ஆதாரைத்தான் கொடுத்தேன், நானே அதை மறந்துவிட்டிருந்தேன். நான் அவங்க வீட்டுக்காரர் என்றாராம். அவங்களே பேசணும் சார் என்றுவிட்டாள்.

ஆக போன் என் கைக்கு வந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஓதிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண், "மேடம், பின்னாடி யாரோ பேசிக்கினே இருக்காங்க, அவங்கள விடுங்க, உங்க விருப்பம் என்ன, அதச் சொல்லுங்க" என்றாள். இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கட் பண்ணிடும்மா என்றேன். பதறிவிட்டாள் பாவம். "இவ்ளோ வருஷமா இருக்கீங்க, ஏன் மேடம் எங்கள விட்டுப் போறீங்க, எங்ககிட்ட என்ன குறை?" என்று கேட்டாள். சம்பளத்துக்குக் கேட்கிறாள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டாளே. திண்டிவனத்தில் வேறு கம்பெனி ஃப்ரீ தருகிறதாமே என்று இழுத்தேன். உடனே ஷிஃப்டிங் சார்ஜ் போய்விட்டது. யோசிக்கிறேன் என்றேன், நெட் வேகம் ரெண்டு மடங்கு ஆனது. வீட்டில் கலந்து சொல்கிறேன் என்றேன், மேலதிகாரிக்கு லைன் போய் ஆறு மாசத்துக்குப் பாதிக் கட்டணம் ஆனது. நாம் பார்க்காத பெங்காலி, மராத்தி சேனல்களையெல்லாம் எடுக்கச் சொன்னேன். அந்தச் சுத்தத்தில் அப்பாவின் கிரிக்கெட் சேனலும் போய்விட்டது. தெரியாமல்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

போனை வைத்ததும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், பாத்தியா என் ஐடியாவ என்றார். நானும் அதே சூட்டில், திண்டிவனத்துக்கு நீங்க ஷிஃப்ட் ஆயிடுங்க, நான் கட் பண்ணிக்கிறேன் என்றேன். முதலில் சிரித்தார். அப்புறம் புது மிக்சி வாங்கித் தருகிறேன் என்றார். மாசத்துக்கு ஒருமுறை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கடைசியில் உன் சித்தப்பாவுக்கு லைன் போட்டு போனை என்னிடம் நீட்டினார். கம்பெனி செய்ததையெல்லாம் வரிசை மாறாமல் செய்தார், அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. வண்டி வந்தது, டிவியையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு அவர் போனார். மல்லாட்டை பிடுங்கும் வரை இருக்கிறேன் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி நான் இங்கேயே இருந்துவிட்டேன்.

அங்கே போன பிறகுதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. எந்தச் சேனலைச் சேர்த்தாலும் எடுத்தாலும் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். கிரிக்கெட்டுக்கு ஒரு போன், நெட் பாஸ்வேர்டுக்கு ஒரு போன். நானும் நம்பரைச் சட்டென்று சொல்வதில்லை, சாப்பிட்டீங்களா, என்ன குழம்பு, பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும், மறுபடி போன் வரும். உன் அப்பா என்னோடு இவ்வளவு பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது.

நேற்று சாயந்திரமும் போன் வந்தது. ஓடிபியா என்றேன். இல்ல, சும்மாதான் என்றார். மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ஏன் அம்சா வர மாட்டேங்கற, எங்கிட்ட என்னா கொறை உனக்கு?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது கலை, வெங்காயம் கூட உரிக்கவில்லை. பெரிய குறை ஒன்றுமில்லை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். "நெலத்த யாருக்கும் வுட வேணாம். பிடுங்கி முடிச்சிட்டு வா. அடுத்த வெதப்புப் பட்டத்துக்கு நானும் ரெண்டு பஸ் மாறி உன்கூட வர்றேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போய்விடுவேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் உடனே ஒப்புக்கொண்டால் ஆஃபர் அதோடு நின்றுவிடும், அதைக் கம்பெனியிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உன் அப்பாவும் நல்லவர்தான். நல்லவர்களுக்குத்தான் கேட்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை. கனடாவுக்குப் போ, போக வேண்டாம், நான் எதுவும் சொல்லவில்லை. உன் விருப்பம் என்ன என்பதை மட்டும் நீ முதலில் தெரிந்து வைத்துக்கொள், கேட்கும்போது சிக்னல் சரியில்லை என்று சொல்லாதே. மேல்மலையனூர் அம்மன் உங்கள் ரெண்டு பேரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். மல்லாட்டையை டப்பாவில் போட்டு மூடி வை, நமுத்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதே, எந்த ஊருக்குப் போனாலும் அந்த வீட்டு நெட்டை உன் பேரில் எடு.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் கேட்கும் அம்மா,
அம்சா, கனெக்‌ஷன் உரிமையாளர்.