ஒரே கிளிக்

ஜூன் 8, ஞாயிறு

இப்படி நடக்கும் என்று நான் மாரிகாலத்திலேயே சொல்லிவிட்டேன். "சங்கம் ஒருநாள் என்னைத் தூக்கி எறியும், பிறகு கெஞ்சிக்கொண்டு வரும்." மனோரமா சாட்சி. தனக்கு ஞாபகம் இல்லை என்கிறாள். என் மனைவிக்கு ஞாபகசக்தி குறைவு.

முதல் பாதி இன்று நடந்துவிட்டது. லண்டனில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடைக்கால கிரிக்கெட். உச்சி வெயில். பந்து வீசப் பொடியன் ஓடிவருகிறான், நெற்றியில் வியர்வை மின்னுகிறது. நான் படமெடுக்கிற எந்தக் கல்யாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டேன்: "தம்பி, ஒருக்கா நிண்டு இங்கை பாருங்கோ!" நின்றான். பார்த்தான். சிரித்தும் விட்டான். அம்பயர் சிரிக்கவில்லை. காலையிலும் இருவரை அப்படி நிறுத்தியிருந்தேனாம்.

செயலாளர் யுவனேஸ்வரன் வந்து என் கழுத்திலிருந்த படப்பிடிப்பாளர் பாஸைக் கழற்றினான். "அண்ணை, இது மணவறை இல்லை. இனி ஸ்ரீனிவாஸ் எடுக்கட்டும்."

சென்னைப் பையன், ஐ.டி. வேலை. தண்ணீர்க் குழாய் போல ஒரு லென்ஸ். விரலை வைத்தால் தையல் மெஷின் மாதிரி ஒரேயடியாக டிக்டிக்டிக். அதுவும் ஒரு படமெடுப்பா? நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், ஆனால் வெளிச்சத்தைப் படித்தவன். படம் என்றால் ஒரே கிளிக்.

ஜூன் 9

தம்பியின் மகள் மாலினி வந்தாள். பெண்கள் அணியின் விக்கெட் கீப்பர். செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறாள். சங்கத்துக்கு இதுதான் அவளுடைய கடைசிக் கோடை.

"பீ ஆனஸ்ட், பெரியப்பா. இவ்வளவு வருசமா எடுக்கிறியள். என்ரை முகம் தெரியிற ஒரு படம் காட்டுங்கோ."

காட்டினேன். வெள்ளைச் சட்டை சலவைத்தூள் விளம்பரம் மாதிரிப் பளபளக்கிறது. மேலே ஒரு தொப்பி. தொப்பிக்குக் கீழே இருட்டு. பந்துக்கு வால் முளைத்திருக்கிறது.

"இது கலை, பிள்ளை."

"இது நானெண்டு அம்மாவுக்கே தெரியாது, பெரியப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஃபைனலிலை உன்ரை முகம் வரும். வராட்டி இந்தக் கமராவைத் தேம்ஸிலை எறியிறன்" என்றேன். குசினிக்குள்ளிருந்து மனோரமா: "எறியிறதெண்டால் அந்த ஸ்டாண்டையும் சேர்த்து எறியுங்கோ, வழியிலை கிடக்குது."

ஜூன் 22

ரெய்னர்ஸ் லேன் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஸ்ரீனிவாஸ்.

"அங்கிள், ஷட்டர் எவ்வளவு வச்சு எடுக்கறீங்க?"

"நூற்றிருபத்தைஞ்சு. மாப்பிள்ளை பொம்பிளை எல்லாருக்கும் அதுதான்."

"மாப்பிள்ளை ஓட மாட்டாரே அங்கிள். இதுக்கு ஒரு செகண்ட்ல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு வைங்க, பந்து அப்படியே நிக்கும்."

எனக்குத் தெரியாததா? அவனுக்குத் தெரியுமா என்று சோதித்தேன். அப்படியே வெயிலைப் பற்றியும் சோதித்தேன். வெயில் ஆட்டக்காரரின் முதுகில் விழ வேண்டுமாம்; அப்போது முகம் முழுக்க ஒரே மென்மையான நிழலாகிவிடும், கண்ணும் கூசாது. பிறகு வெளிச்சத்தை முகத்துக்காகக் கூட்ட வேண்டுமாம். வெள்ளைச் சட்டையைக் கண்ட கமரா பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுமாம்.

தன் பழைய நீள லென்ஸைத் தருவதாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

ஆர்ச்வே முருகனுக்குத் தேர். ஊரே சாமி பார்க்க வந்தது, நான் தேங்காய் பார்க்க வந்தேன். தெருவில் அடிக்கிற தேங்காயை விட வேகமாக எந்தப் பந்து போகும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

ஷட்டர் இரண்டாயிரம். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் முழங்காலில் நின்றேன். முதல் படங்களில் வேட்டிகள் ஜொலித்தன, ஆட்கள் கரிக்கட்டை. வெளிச்சத்தைக் கூட்டினேன். வெயிலில் கமராவின் திரை தெரியவில்லை. மனோரமாவின் குடைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு "முருகா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

தேங்காய் வெடிக்கிறது. ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் கண்ணாடி மணி மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. அடித்தவனின் கறுத்த முகத்தில் மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. இந்த முறையை லண்டனில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்.

ஜூலை 14

முழங்கால் வீங்கிவிட்டது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு — பெண்கள் ஃபைனல்

பாஸ் இல்லாதவன் கயிற்றுக்குள் வரக்கூடாதாம். வர மாட்டேன். வெயிலும் கயிறு பார்த்தா விழுகிறது? மாலினிக்குப் பின்னால் சூரியன் வருகிற பக்கமாக, ஐஸ்கிரீம் விற்கிற வான் வண்டிக்கு அருகே வெளியே குந்திக்கொண்டேன். ஸ்ரீனிவாஸ் அவளுக்குப் பின்பக்கம் நின்றான். பாவம், அவனைச் சங்கக் குழுவே அங்கே நிற்க விட்டிருந்தது.

கடைசி ஓவர். எதிரணிக்கு இரண்டே ஓட்டம் வேண்டும், எங்களுக்கு ஒரே விக்கெட். மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து பறந்தது. மாலினி பாய்ந்தாள்.

பிடித்தாள். பிடித்தாளே! பிறகு பந்து கையுறையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. அவர்கள் ஓடி இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

தோற்றோம். நான் ஒன்றும் எழுத — நாளைக்கு.

ஆகஸ்ட் 4

தம்பி வீட்டுக்குப் போனேன்; பிள்ளை அறைக்கதவைத் திறக்கவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப்பில் எருமைகள் சிரிக்கின்றன. "கையிலை வெண்ணெயோ?" என்று ஒருவர். மைதானத்தில் மூச்சு வாங்காமல் ஒரு சுற்று நடக்க ஏலாத மனுசன்!

படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கதவுக்குக் கீழால் தள்ளினேன். காற்றில் கிடையாக அவள். பந்து கையுறைக்குள். தொப்பி பறந்து, முடியின் ஓரமெல்லாம் வெயில், முகம் — முழு முகம். கண் இரண்டும் பந்தில்.

கதவு திறந்தது. கண் வீங்கியிருந்தது.

"நான் பிடிச்சனான்" என்றாள்.

"பிடிச்சனி தானே! படம் சொல்லுது."

படத்தில் பந்தின் மேல் விரலை வைத்தாள். "அடுத்த ஃப்ரேம் இருக்கோ, பெரியப்பா? பந்து விழுறது?"

"எனக்கேது அடுத்த ஃப்ரேம்? பெரியப்பா ஒரே கிளிக்காரன் எண்டு உலகத்துக்கே தெரியும்."

சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தைத் தன் சூட்கேஸுக்குள் வைத்தாள்.

ஆகஸ்ட் 10

யுவனேஸ்வரன் வீடு தேடி வந்தான். சொன்னேனா இல்லையா, கெஞ்சிக்கொண்டு வருவார்கள் என்று? மனோரமா தேத்தண்ணி வைத்தாள்.

"அண்ணை, அந்தப் பந்து நழுவின கணம் ஆரிட்டையும் இல்லை. ஸ்ரீனிவாஸுக்கு முதுகுதான் விழுந்தது. உங்களிட்டை இருந்தால் சங்கத்தின்ரை ஆண்டு மலருக்கு அட்டைப்படம். அடுத்த வருசப் பாஸும் உங்களுக்குத்தான்."

பாஸைக் கையோடு கொண்டுவந்திருந்தான். மேசையில் வைத்தான்.

"என்னட்டை இல்லை, தம்பி. ஒரே கிளிக்."

"அண்ணை, ஒண்டுமே?"

"ஒண்டுமே இல்லை. தேத்தண்ணியைக் குடி."

குடித்தான். பாஸை எடுத்துக்கொண்டு போனான். போகட்டும். அடுத்த வருடமும் ஐஸ்கிரீம் வானுக்குப் பக்கத்தில் குந்துவேன். அங்கேதான் வெளிச்சம் நல்லது.

இந்த நாட்குறிப்புக் கொப்பி வேறு யாருக்கும் இல்லை என்பதால் எழுதுகிறேன். ஒரே கிளிக் என்பது பொய். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை; ஸ்ரீனிவாஸின் தையல் மெஷினே தோற்றது. அடுத்த படம் இருக்கிறது. பந்து கையுறைக்கும் புல்லுக்கும் நடுவே, பந்தின் தையல் நூலை எண்ணலாம். அவள் வாய் பாதி திறந்திருக்கிறது, கண் இன்னும் பந்தில். என் வாழ்நாளில் நான் எடுத்த ஆகத் திறமான படம் அதுதான்.

மற்றதெல்லாம் உண்மை.