பன்னிரண்டாவது பெட்டி

7 ஜூலை 2025, திங்கள்

தவுக்கே, எங்கள் முதலாளி, சம்மதித்துவிட்டார்! இந்த யோங் பெங் ஊரில் பத்து வருடமாக உற்பத்தி அட்டவணை தட்டிக்கொண்டிருக்கும் தேன்மொழி, நானே, எழுதிய கணினி சிஸ்டம் தொழிற்சாலைக்குள் நுழையப்போகிறது.

சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு நாங்கள் வாஷிங் மெஷினில் திருகும் பிளாஸ்டிக் குமிழ்கள் செய்துகொடுக்கிறோம். அவருடைய சரக்கு இரண்டு முறை எங்கள் கொட்டகைக்குள்ளேயே காணாமல் போய்க் கிடைத்தது. ஆகஸ்ட் ஆறாம் தேதி நேரில் வருகிறாராம். எந்த ஆர்டரைக் கேட்டாலும் அது எங்கே இருக்கிறது என்று அங்கேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும். அது போனால் இரண்டாவது ஷிப்ட்டை மூடுவார்கள். இருபத்திரண்டு பேர்.

விற்க வந்த கம்பெனி சொன்ன விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். என்னுடையதற்கு ஸ்டோரில் தூங்கிய பழைய கணினி, நாலு பழைய கைப்பேசி, ஸ்டிக்கர் தாள். அவ்வளவுதான். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் இணையப் பக்கம் திறக்கும். 'முடிந்தது' என்று அழுத்த வேண்டும். குழந்தைகூடச் செய்யும்.

14 ஜூலை, திங்கள்

கைப்பேசிகளை ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் கட்டினேன். சூப்பர்வைசர் விஜயன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "அக்கா, நீங்க மேல ஆபீஸ்ல கிராணி வேலைய பாருங்க. கீழ நாங்க பாத்துக்கிறோம்."

அடுத்த கைப்பேசியைக் கட்டப் போனேன்.

15 ஜூலை, செவ்வாய்

திரை சொல்கிறது: காலை ஏழிலிருந்து மாலை ஆறு ஐம்பது வரை யாரும் எதுவும் செய்யவில்லை. பிறகு பத்தே நிமிடத்தில் நாலாயிரம் குமிழ்கள். உலக சாதனை!

எத்தனை செய்தோம் என்று குறிக்கும் வேலை அட்டையை எப்போதுமே ஷிப்ட் முடியும்போது, எல்லாரும் ஒரே பேனாவால், மொத்தமாக எழுதுவது இங்கே வழக்கம். ஸ்கேனையும் அப்படியே செய்துவிட்டார்கள்.

16 ஜூலை, புதன்

இன்றும் அதே. கத்திவிட்டேன். எல்லார் முன்னாலயும். அலமாக், கடவுளே, ஒரு பட்டன அமுக்குறதுக்கு என்ன கேடு இவங்களுக்கு? ஒரு வருஷத்து ஞாயித்துக்கிழமையெல்லாம் இதுலதானே போச்சு — யாருக்காகக் கட்டினேன்?

கேன்டீனில் விஜயன் ஏதோ சொல்ல, ஒரு மேசையே சிரித்தது.

17 ஜூலை, வியாழன்

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. அட்டவணையைத் தள்ளிவைத்துவிட்டு நாள் முழுக்கக் கீழேயே நின்றேன்.

மோல்டிங் மெஷின் நாற்பது நொடிக்கு ஒரு தடவை வாயைத் திறக்கிறது. அதற்குள் பொருளை எடுத்தாக வேண்டும். கையில் தடித்த உறை. இதில் எங்கே கைப்பேசியைத் தொடுவது? பத்து வருடமாக மேலே உட்கார்ந்திருக்கும் எனக்கு இது தெரியவில்லை.

மதியத்துக்குப் பிறகு பேக்கிங் சபீதாவிடம் நின்றேன். மெஷின்காரர்கள் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவளோ, பெட்டி வந்தால் அட்டையைப் பார்த்து, எண்ணிவிட்டுத்தான் மேசையில் ஏற்றுகிறாள். ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டேன்.

"எண்ணாம வாங்குனா குறை என் தலையில விழும்லா. என் புருஷனே தள்ளிட்டு வந்தாலும் எண்ணித்தான் வாங்குவேன்."

அங்கேயே நின்றுவிட்டேன். கொடுக்கிறவருக்கு, கையை விட்டுப் போனால் சரி. வாங்குகிறவருக்குத்தான் பயம். நான் இத்தனை நாளும் தப்பான ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

20 ஜூலை, ஞாயிறு

'முடிந்தது' பட்டனைத் தூக்கிவிட்டேன். இப்போது ஒரே பட்டன்: 'வாங்கினேன்'. கைப்பேசிகள் இனிமேல் மெஷின் பக்கத்தில் இல்லை, பெட்டி வந்து இறங்கும் மேசைகளில். அரை நாள் வேலை. இவ்வளவு சுலபமா என்று எரிச்சலாகவும் இருக்கிறது.

24 ஜூலை, வியாழன்

காலையிலிருந்து பெட்டிகள் திரையில் ஒவ்வொன்றாக நகர்கின்றன. மோல்டிங், ஓரப் பிசிறு வெட்டுதல், எழுத்து அச்சிடுதல், பேக்கிங். சோறு சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே என் மேல் கண் படும் போல.

6 ஆகஸ்ட், புதன்

சிங்கப்பூர் வாடிக்கையாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பே இல்லை. தன் பட்டியலில் ஓர் ஆர்டரைக் காட்டினார். பன்னிரண்டு பெட்டிகள். அந்த ஆர்டர் எண்ணைத் தட்டினேன். அச்சுப் பிரிவு வாங்கியது பதினொன்று. பன்னிரண்டாவது இன்னும் பிசிறு பிரிவில்.

"இல்லவே இல்லக்கா, பன்னிரண்டையும் நான்தான் தள்ளிட்டுப் போனேன்," என்றார் விஜயன். தவுக்கே என்னைத் திரும்பிப் பார்த்தார். வாடிக்கையாளர் வந்த அன்றைக்கேவா மறுபடியும் காணாமல் போக வேண்டும்?

எல்லாரும் நடந்தோம். பிசிறு மேசைக்குப் பின்னால், காலி அட்டைப் பெட்டிகளுக்கு அடியில், இருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வாடிக்கையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். பெட்டி எங்கேயும் தொலையத்தான் செய்யும், தொலைந்தது உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார். அப்புறம் என் கைப்பேசியை வாங்கி அவரே இன்னும் மூன்று ஆர்டரைத் தட்டிப் பார்த்தார். மூன்றும் சரி.

7 ஆகஸ்ட், வியாழன்

ஆர்டர் தங்கிவிட்டது. இரண்டாவது ஷிப்ட்டும். சபீதா ஒரு டப்பா நிறையப் பிரியாணி கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதை மட்டும் எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

தவுக்கேயின் இன்னொரு தொழிற்சாலை சாஆ என்ற ஊரில். அங்கேயும் போடச் சொல்லிவிட்டார். துணைக்கு விஜயனை அனுப்பினார்.

அங்கே விஜயன் மேசை மேசையாகப் போய் விளக்கினார். "குடுக்கிறவங்க இல்ல, வாங்கிறவங்கதான் ஸ்கேன் பண்ணணும். அப்பத்தான் பொய் வராது." என்னமோ அவரே கண்டுபிடித்த மாதிரி! விட்டுவிட்டேன்.

அங்குள்ள சூப்பர்வைசர் கமலநாதன் கைப்பேசியில் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கே. எந்த கம்பெனி செஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் விஜயன் சொன்னார்: "கம்பெனியெல்லாம் இல்லலா. எங்க அக்கா செஞ்சது."

சார்ஜர் வயரைச் சரிசெய்வதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.